சளி, இருமல், காய்ச்சல்: கபசுர குடிநீர், வேது, உப்புத் தண்ணீர்... எது உதவும்? எது ஆபத்து?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும், புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருமத் தொடங்கிவிடுவார்கள். முதலில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, அடுத்து அம்மா, கடைசியாக வீட்டில் இருக்கும் தாத்தா. வைத்தியத்துக்கும் ஒரு வரிசை உண்டு. முதல் நாள் சுக்கு மல்லிக் காபி. இரண்டாம் நாள் நொச்சி இலை போட்டு வேது. மூன்றாம் நாள் மெடிக்கல் கடையில் 'செட் மாத்திரை'. நான்காம் நாள், "ஒரு ஊசி போட்டுட்டு வந்துடலாம்". நடுவில் யாராவது சொந்தக்காரர் கபசுர குடிநீர் பொடி பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்.

இதில் எதுவுமே புதிதில்லை. ஆனால் கொரோனா காலத்தில் இந்த வைத்தியங்களில் பலவும் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஆய்வுக்கு உள்ளாயின. நாட்டு மருந்து, ஆங்கில மருந்து இரண்டுமே சோதனைக்கு வந்தன. முடிவுகள் யாருக்கும் முழுசாகச் சாதகமாக இல்லை. பெரிய நம்பிக்கையோடு தொடங்கிய பிளாஸ்மா சிகிச்சை கைவிடப்பட்டது. சமையலறை உப்பு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறது. பாதுகாப்பானது என்று எல்லோரும் நினைக்கும் ஆவி பிடித்தல், குழந்தைகளைத் தீக்காய வார்டுக்கு அனுப்பியிருக்கிறது.

எந்த மருந்து எடுத்தாலும் ஏன் 'கேட்கிறது'?

"மருந்து சாப்பிட்டா ஒரு வாரம், சாப்பிடாட்டி ஏழு நாள்" என்று சளியைப் பற்றி ஊரில் கேலியாகச் சொல்வார்கள். மருத்துவ ரீதியாகவும் அது கிட்டத்தட்ட சரி. சளி, காய்ச்சல், தொண்டை வலி, இருமல் ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ரைனோ வைரஸ், இன்ஃப்ளூயன்சா, ஆர்.எஸ்.வி., கொரோனா குடும்பத்து வைரஸ்கள் என்று பட்டியல் நீளும். அதிகாலையில் கீரமங்கலம் பக்கம் பூப்பறிக்கப் போகிறவர்களிடம் "பனி பட்டதால சளி புடிச்சிருச்சு" என்பார்கள். பனி வைரஸைக் கொண்டுவருவதில்லை. பக்கத்தில் இருமுகிறவர்தான் கொண்டுவருகிறார்.

2023 மார்ச் மாதம் எச்3என்2 காய்ச்சல் நாடு முழுக்கப் பரவியபோது இந்திய மருத்துவ சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மட்டும் மூன்று வாரம் வரை இழுக்கலாம் என்று அதில் சொல்லியிருந்தது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன வைத்திய வரிசையை மறுபடியும் பாருங்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் மூன்றாம், நான்காம் நாளில்தான் பெரும்பாலானோர் 'பலமான' மருந்துக்குப் போகிறார்கள். அடுத்த நாள் காய்ச்சல் இறங்குகிறது. பாராட்டு அந்த மருந்துக்கோ ஊசிக்கோ போய்விடுகிறது. ஒன்றும் எடுக்காமல் இருந்திருந்தாலும் அன்றைக்கு இறங்கியிருக்கும் காய்ச்சல் அது.

அதனால்தான் "எனக்குக் கேட்டுச்சு" என்ற பேச்சை ஆய்வாளர்கள் ஆதாரமாக ஏற்பதில்லை. ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டு குழுவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து, இன்னொரு குழுவோடு ஒப்பிட வேண்டும். அப்போதுதான் தானாகக் குணமானதையும் மருந்தால் குணமானதையும் பிரித்துப் பார்க்க முடியும். கீழே வரும் எல்லா வைத்தியத்துக்கும் இதுதான் அளவுகோல்.

கபசுர குடிநீர்: தெரிந்ததும் தெரியாததும்

சித்த நூல்கள் சொல்லும் சுர வகைகளில் கபசுரமும் ஒன்று. அதற்கான குடிநீரில் 15 சரக்குகள் சேர்கின்றன. சுக்கு, திப்பிலி, இலவங்கம், சிறுகாஞ்சொறி வேர், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை இலை, கற்பூரவள்ளி, கோஷ்டம், சீந்தில் தண்டு, சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு. 2020 ஏப்ரல் 23-ம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்த 'ஆரோக்கியம்' திட்டத்தில் கபசுர குடிநீரும் நிலவேம்பு குடிநீரும் அரசு சார்பில் வழங்கப்பட்டன. அதன் பிறகுதான் இந்தப் பெயர் தெருவுக்குத் தெரு பழகியது. அதற்கு முன்பு சித்த மருத்துவமனைக்குப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அதைப் பெரிதாகக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அது வேலை செய்கிறதா? ஆய்வகத்திலும் கணினி மாதிரிகளிலும் இந்தச் சரக்குகள் வைரஸின் புரதங்களோடு ஒட்டுகின்றன என்று பல கட்டுரைகள் வந்தன. அதைப் படித்துவிட்டு "நிரூபிக்கப்பட்டது" என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றியது. கணினித் திரையில் ஒட்டுகிற பொருள் எத்தனையோ உண்டு. உடலுக்குள் போய், செரித்து, ரத்தத்தில் போதுமான அளவு சேர்ந்து, நுரையீரலில் வேலை செய்வது வேறு கதை.

மனிதர்களிடமும் ஆய்வு நடந்தது. தமிழ்நாட்டில் அறிகுறியே இல்லாத கொரோனா தொற்றாளர்களிடம் கபசுர குடிநீரையும், துத்தநாகம் மற்றும் வைட்டமின் சி மாத்திரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முறையாகச் சோதிக்க முன்வந்ததே நல்ல விஷயம்தான். ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். நிமோனியாவைத் தடுக்குமா, உயிரிழப்பைக் குறைக்குமா என்ற பெரிய கேள்விக்கு இப்படிப்பட்ட சிறிய ஆய்வுகளால் பதில் சொல்ல முடியாது.

இந்தப் 15 சரக்குகளில் நிலவேம்பு மட்டும் உலக அளவில் கொஞ்சம் அதிகமாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 33 சோதனைகளில் இருந்த 7,175 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இருமலும் தொண்டை வலியும் குறைவதாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சோதனைகளில் பல தரம் குறைந்தவை என்பதையும் அதே ஆய்வு ஒப்புக்கொண்டது. தாய்லாந்தில் இதே நிலவேம்பை 'ஃபா தலாய் ஜோன்' என்பார்கள். கொரோனா காலத்தில் அந்நாட்டு அரசே அதைப் பயன்படுத்த அனுமதித்தது. மருந்து எடுத்த 309 பேரில் ஒருவருக்கும் நிமோனியா வரவில்லை, எடுக்காத 526 பேரில் 3 பேருக்கு வந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 526 பேரில் 3 பேர் என்பது தற்செயலாகவும் நடக்கக்கூடிய அளவு. புள்ளியியல் கணக்கில் பிழை இருந்ததை உணர்ந்து, 2021-ல் ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தவறைக் கண்டதும் திரும்பப் பெறும் அந்த நேர்மை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

'மூலிகைதானே, என்ன பண்ணப் போகுது' என்ற நினைப்புக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நிலவேம்பு சேர்ந்த மருந்துகளால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வருவதாக ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. சீந்திலை நாள்கணக்கில் தொடர்ந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை மறுத்தது. அடுத்த ஆண்டே நாட்டின் பல மருத்துவமனைகளில் இருந்து 43 நோயாளிகளின் விவரங்களோடு இன்னோர் ஆய்வு வந்தது. இதற்காகப் பயந்து ஓட வேண்டியதில்லை. மூன்று, நான்கு நாள் குடிப்பதற்கும், 'எதிர்ப்பு சக்தி' என்று மாதக்கணக்கில் தினமும் குடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அவ்வளவுதான்.

குடிக்க விரும்புகிறவர்கள் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் பார்த்து வாங்கிக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் பல தாலுகா மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தப் பிரிவு உண்டு. அரசு நிறுவனமான டாம்ப்கால், திருவான்மியூரில் உள்ள இம்ப்காப்ஸ் போன்றவற்றின் தயாரிப்புகளில் உரிம எண்ணும் காலாவதி தேதியும் இருக்கும். பேப்பரில் மடித்துக் கொடுக்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கர்ப்பிணிகளும், கல்லீரல், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. பத்தியம் என்று சொல்லி சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லாவற்றையும் விட மோசம். காய்ச்சல் நேரத்தில் சர்க்கரை ஏற்கெனவே ஏறும். அதில் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, கசப்புக்காகக் கருப்பட்டியைச் சேர்த்துக் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஹோமியோபதியின் 'ஆர்செனிக்கம் ஆல்பம் 30' பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்ததும் அது பரபரப்பாக விற்றது. பெயரில் உள்ள 30 என்பது, நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் 30 முறை நீர்த்துப்போகச் செய்ததைக் குறிக்கிறது. அதாவது 1-க்குப் பின்னால் 60 பூஜ்யம். அந்த அளவில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது. தீங்கு இருக்காது, பலனை எதிர்பார்க்கவும் காரணம் இல்லை.

வேது பிடிக்கலாமா?

நொச்சி, தைல மர இலை, மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, போர்வையை மூடி வேது பிடித்தால் மூக்கடைப்பு விட்டது போல இருக்கும். அந்தச் சுகம் உண்மை. ஆனால் சூடான ஈரக்காற்று சளியைச் சீக்கிரம் குணப்படுத்துகிறதா என்று பார்த்த காக்ரேன் ஆய்வு, 2017-லேயே பலன் இருப்பதாக உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் இருப்பது செல்களுக்குள். அதைக் கொல்லும் அளவுக்குச் சூடு வைத்தால் மூக்கும் தொண்டையும் முதலில் வெந்துவிடும்.

2021 மே மாதம் இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது தமிழ்நாட்டில் பொது இடங்களில் குக்கரில் குழாய் வைத்து ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒருவர் இருமிய இடத்தில் அடுத்தவர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆழமாக மூச்சு இழுத்தார். தொற்று பரவ இதைவிட வசதி வேண்டாம். சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் பொது இடங்களில் ஆவி பிடிப்பதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டிலும் ஆபத்து உண்டு, அது கொதிக்கும் பாத்திரம். இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில், 2020-ல் கொரோனா தொடங்கிய சில வாரங்களில் ஆவி பிடிக்கும்போது வெந்து போய் வந்த குழந்தைகள் வழக்கத்தைவிட 30 மடங்கு அதிகம் என்று லான்செட் இதழில் மருத்துவர்கள் எழுதினார்கள். போர்வைக்குள் இருக்கும் குழந்தை நெளிந்தால் பாத்திரம் மடியில் கவிழும். பெரியவர்களுக்கு இதமாக இருந்தால் ஓரிரு நிமிடம் பிடித்துக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இன்னும் இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கோரமும் தேய்ப்பது. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், சின்னக் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. இன்னொன்று, தலைக்கு ஊற்றியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது. வீட்டுக்குள் புகை என்பது குழந்தைகளின் நிமோனியாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று. ஏற்கெனவே இருமும் குழந்தைக்குப் புகை போடுவதில் எந்த நியாயமும் இல்லை. ஈரத்தைத் துண்டால் துவட்டினால் போதும்.

உப்புத் தண்ணீர் ஜெயித்த கதை

யாரும் பெரிதாக மதிக்காத ஒன்று இங்கேதான் முன்னுக்கு வருகிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 66 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், சளி பிடித்தவுடன் உப்பு நீரால் மூக்கைக் கழுவி, கொப்பளித்தவர்களுக்குச் சளி சுமார் 2 நாள் முன்னதாகவே விட்டது. 2019-ல் அந்த முடிவு வெளியானபோது, சின்ன ஆய்வு என்று பலரும் ஒதுக்கினார்கள்.

அதே குழு பிறகு 6 வயது வரையிலான குழந்தைகளிடம் உப்பு நீர்ச் சொட்டு மருந்தைச் சோதித்து, 2024 செப்டம்பரில் முடிவைச் சொன்னது. வழக்கமான கவனிப்பில் இருந்த குழந்தைகளுக்குச் சளி 8 நாள் நீடித்தது. சொட்டு விட்டவர்களுக்கு 6 நாள். வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுவதும் குறைந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் தலைமையில் 13,799 பெரியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வும் வெளியானது. சளி அறிகுறி தெரிந்த உடனே மூக்கில் ஸ்பிரே அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு உப்பு நீர் ஸ்பிரே, இன்னொன்றுக்கு ஜெல் வகை. ஆறு மாதத்தில் நோயோடு இருந்த நாட்கள் 8.2-லிருந்து 6.5 அளவுக்குக் குறைந்தன. ஆன்டிபயாட்டிக் எடுத்ததும் குறைந்தது. காசு கொடுத்து வாங்கும் ஜெல்லும் உப்பு நீரும் கிட்டத்தட்ட ஒரே அளவு பலன் தந்தன என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏன் வேலை செய்கிறது? வைரஸ் முதலில் பெருகும் இடம் மூக்கும் தொண்டையும். அங்கேயே கழுவிக் குறைத்தால் உடலின் எதிர்ப்புக்கு வேலை சுலபமாகிறது. உப்பில் உள்ள குளோரைடைக் கொண்டு நம் செல்கள் தாங்களே ஒரு கிருமிநாசினியைத் தயாரிக்கின்றன என்பது எடின்பரோ ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

செய்யும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். தொண்டையில் கொப்பளிக்க வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். மூக்குக்குள் விடும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ நேரடியாகக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா தொற்று கேரளாவில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. குழந்தைகளுக்கு வீட்டில் உப்பு கலக்க வேண்டாம், அளவு தவறும். மெடிக்கலில் கிடைக்கும் சலைன் மூக்குச் சொட்டு மருந்தே பாதுகாப்பு, விலையும் குறைவு.

தேனும் தேறியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14 ஆய்வுகளைத் தொகுத்து, 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மேல் சுவாசப் பாதைத் தொற்றில் இருமலைக் குறைக்க, வழக்கமான மருந்துகளைவிடத் தேன் நன்றாகவே உதவியது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய நச்சுப் பாதிப்பு வரலாம். உரை மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நாட்டுக்கோழி ரசம், மிளகு ரசம், தூதுவளை ரசம் எல்லாம் நீர்ச்சத்தும் இதமும் தரும். தாராளமாகக் குடிக்கலாம்.

ஆங்கில மருந்தும் தேர்வில் தோற்றது

நாட்டு வைத்தியத்தை மட்டும் கேள்வி கேட்டால் அது அநியாயம். கொரோனா காலத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓடியதும் பாதி நம்பிக்கைதான். குணமானவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றினால் பிழைப்பார்கள் என்று குடும்பங்கள் ஊர் ஊராகக் கொடையாளர்களைத் தேடி அலைந்தன. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் 2020 ஜூலையில் பிளாஸ்மா வங்கியே திறந்தார்கள். அதே நேரத்தில் ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் அதை முறையாகச் சோதித்தது. உயிரிழப்பும் குறையவில்லை, நோய் தீவிரமாவதும் குறையவில்லை. 2021 மே மாதம் சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அசித்ரோமைசின் இரண்டும் பிரிட்டனின் 'ரெகவரி' சோதனையில் தோற்றன. ஐவர்மெக்டினுக்கு ஆதரவாகப் பேசப்பட்ட எகிப்து ஆய்வு, தரவுகளில் சந்தேகம் எழுந்து 2021-ல் நீக்கப்பட்டது. பிறகு பிரேசிலில் நடந்த பெரிய சோதனையும் பலன் இல்லை என்றது.

அதே 'ரெகவரி' சோதனையில் ஜெயித்தது டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் உயிரிழப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் உயிரிழப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் இல்லை. இந்த ஒரு வரி ஊர் வரை வந்து சேரவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். சர்க்கரை கட்டுமீறியவர்களில் பலர் 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானதில் இதற்கும் பங்கு உண்டு. மெடிக்கல் கடை 'செட் மாத்திரை'யில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கானது. வைரஸை அது தொடாது.

குப்புறப் படுக்க வைப்பதும் முதலில் விநோதமாகத்தான் தெரிந்தது. விழிப்போடு இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொன்னால் நுரையீரலின் பின்பகுதி விரிந்து ஆக்சிஜன் ஏறும். 2021-ல் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வில், குழாய் செருக வேண்டிய தேவை இதனால் குறைந்தது. செலவு, ஒரு தலையணை.

இருமல் சிரப் கதை இன்னும் சோகம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் சாதாரணச் சளிக்குக் கொடுத்த சிரப்பால் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்தது. இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. தானாகச் சரியாகும் இருமலுக்காகப் போன உயிர்கள் அவை.

வேரும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று சொந்தம்

சித்தா, அலோபதி என்று சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. ஆலங்குடி பக்கம் வேலியோரத்தில் வளரும் ஆடாதோடையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. அதை அடிப்படையாக வைத்து உருவானதுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின். அதன் உறவுக்கார மருந்தான ஆம்ப்ராக்ஸால் இன்றைக்குப் பல சிரப்புகளில் இருக்கிறது.

பிரியாணியில் போடும் அன்னாசிப் பூவுக்கும் ஒரு பங்கு உண்டு. பன்றிக்காய்ச்சல் உள்ளிட்ட இன்ஃப்ளூயன்சாவுக்குக் கொடுக்கும் ஓசல்டாமிவிர் மாத்திரையைத் தயாரிக்க, அதில் உள்ள ஷிக்கிமிக் அமிலம்தான் நெடுங்காலம் மூலப்பொருளாக இருந்தது. 2005-ல் பறவைக்காய்ச்சல் பயம் வந்தபோது உலகச் சந்தையில் அன்னாசிப் பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. இதைச் சொன்னதும் சிலர் அன்னாசிப் பூவைக் கஷாயம் வைக்கக் கிளம்புவார்கள். பயனில்லை, பல வேதியியல் படிகளைத் தாண்டித்தான் அது மருந்தாகிறது.

ஓசல்டாமிவிர் எல்லோருக்கும் தேவையில்லை. அரசின் வகைப்பாட்டில் லேசான அறிகுறி உள்ளவர் 'ஏ' பிரிவு, வீட்டில் ஓய்வு போதும். காய்ச்சல் கடுமையாக இருப்பவர்களும், காய்ச்சலோடு வரும் கர்ப்பிணி, முதியவர், குழந்தை, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் 'பி' பிரிவு. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரை தொடங்கலாம். மூச்சுத்திணறல் இருந்தால் 'சி', உடனே அட்மிஷன். அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் மாத்திரைக்கு முழுப் பலன். 'பி' பிரிவில் வருகிற ஒருவர் முதல் மூன்று நாளைக் கஷாயத்திலேயே கழித்தால், கஷாயம் கெடுதல் செய்யாவிட்டாலும் அந்த 48 மணி நேரம் போய்விடுகிறது.

எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

ஆலங்குடியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தீவிர சிகிச்சை என்றால் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். உள்கிராமங்களில் இருப்பவர்களுக்கு நேரம் இன்னும் கூடும். அதனால் அறிகுறியை முன்கூட்டியே பார்க்கத் தெரிந்திருப்பது முக்கியம்.

குழந்தைக்கு நிமோனியாவா என்று பார்க்க உலக சுகாதார அமைப்பு சொல்லும் வழி மிக எளிது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால் காத்திருக்கவே கூடாது. ஊரில் இதை 'கணை', 'மாந்தம்' என்று சொல்லி மந்திரிக்கவோ சூடு போடவோ தூக்கிக்கொண்டு போவார்கள். 2023 பிப்ரவரியில் மத்தியப் பிரதேசத்தில் நிமோனியா வந்த மூன்று மாதப் பெண் குழந்தைக்கு 51 இடத்தில் சூடு போட்டார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

பெரியவர்களுக்கு மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாவது, விட்டுப்போன காய்ச்சல் மறுபடியும் வருவது ஆகியவை எச்சரிக்கை. பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் 94-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். தாத்தாவுக்குக் காய்ச்சலே இல்லாமல் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை, சும்மா தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றாலும் அலட்சியம் வேண்டாம். வயதானவர்களுக்கு நிமோனியா சில சமயம் அப்படித்தான் வரும். 108-க்குக் கூப்பிடும்போது என்ன கஷாயம், என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து மறைத்தால், கல்லீரல் பரிசோதனை போன்றவற்றில் முடிவு மாறும்போது காரணம் புரியாமல் அவர்கள் தவிப்பார்கள்.

இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். டெல்லியில் இந்தக் காய்ச்சல் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடும். தமிழ்நாட்டில் அது வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர், நவம்பரில் ஏறுகிறது. ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் மழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசியிலேயே மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.